கள்ள மூச்சு

நவம்பர் 4, திங்கள்

ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்து, தினமும் எடை எவ்வளவு, மூச்சிரைப்பு எவ்வளவு என்று குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையில் கட்டம் சின்னது. என் பக்கத்து நியாயத்தை எழுத அதில் இடமில்லை. ஆகவே பொன்மணி குக்கர் வாங்கியபோது கடைக்காரன் இனாமாகக் கொடுத்த இந்த டைரியை எடுத்திருக்கிறேன். பத்து மாதப் பக்கங்கள் வீணாகிவிட்டன. போகட்டும்.

டைரி தொலைந்துபோனால் எடுத்தவருக்கு உதவும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். பெயர் ஞானதிரவியம், வயது எழுபத்திரண்டு, ஊர் பாளையங்கோட்டை. பொதுப்பணித்துறை ரிட்டயர்டு கிளார்க் என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. கபடி அம்பயர் ஞானதிரவியம் என்று கேட்டால் டீக்கடைக்காரர்கூட எழுந்து வந்து வீட்டைக் காட்டுவார். பாடிப் போகிறவன் எதிராளியின் களத்தில் நிற்கிற மட்டும் ‘கபடி கபடி’ என்று ஒரே மூச்சில் பாட வேண்டும். நடுவில் மூச்சு இழுத்தால் அவுட். சில கில்லாடிகள் பாட்டு நிற்காத மாதிரிக் காட்டிக்கொண்டே மூக்கு வழியாகக் கொஞ்சம் திருடிக்கொள்வார்கள். அதை நாங்கள் கள்ள மூச்சு என்போம். கள்ள மூச்சைப் பிடிப்பதில் என்னை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது.

டாக்டர் ஷமீமா என் நோய்க்கு வைத்திருக்கும் பெயர் இதயச் செயலிழப்பு. “செயல் இழந்துட்டுன்னா நான் எப்படி ரெண்டாவது மாடி வரைக்கும் வந்தேன்?” என்று கேட்டேன்.

“லிஃப்ட்ல வந்தீங்க ஐயா” என்றார்.

கெட்டிக்காரப் பெண். வயதான இதய நோயாளிகளும் இளவட்ட இதய நோயாளிகளும் உடற்பயிற்சி செய்யும்போது மூச்சு விடுவதில் என்ன வித்தியாசம் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். என்னையும் சேர்த்துக்கொண்டார். வாரம் இரண்டு நாள் பயிற்சி. தொடக்கத்தில் ஒரு சோதனை, ஜனவரியில் ஒரு சோதனை.

நான் சம்மதித்ததற்குக் காரணம் வேறு. காணும் பொங்கலன்று மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம். அதற்கு எப்போதும் விசில் என்னுடையது. இந்த முறை பொன்மணி குறுக்கே நிற்கிறாள். “ஊதலாம்னு டாக்டரம்மா வாயால சொல்லட்டும், அப்புறம் ஊதுங்க” என்கிறாள். பொன்மணி என் மனைவி. அதிகம் பேச மாட்டாள், பேசினால் மாற்ற மாட்டாள். ஆகவே இந்தச் சோதனையில் நான் நன்றாகச் செய்தாக வேண்டும்.

நவம்பர் 6, புதன்

முதல் சோதனை. நகராத சைக்கிள் ஒன்றில் ஏற்றி, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் ஒன்றை மாட்டி, அதிலிருந்து ஒரு குழாயை மெஷினுக்கு இழுத்திருந்தார்கள். மிதிக்க மிதிக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். எத்தனை மூச்சு, ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் என்று மெஷின் படம் போடும்.

பயிற்சி கொடுக்கிற பெண் வினோதினி. “ஐயா, மூச்ச அடக்காதீங்க. வருத மாதிரி விடுங்க. முடியலன்னா கையக் காட்டுங்க” என்றாள்.

என் பேத்தி வயதுப் பெண்ணுக்கு முன்னால் நாய் மாதிரி இளைக்க என்னால் ஆகாது. எனக்குத் தெரியாத வித்தையா? வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் கோடு எகிறியது, படுத்தது, மறுபடி எகிறியது. வினோதினி குழாயைத் தட்டிப் பார்த்தாள். இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவர் வயரைக் கழற்றி மாட்டினார். கடைசியில், “மெஷின்ல ஏதோ கோளாறு போலிருக்கு, ஜனவரியில் எடுக்குறத வச்சுப் பாத்துக்கிடுவோம்” என்றார்கள்.

நான் மாஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தேன். வெளிநாட்டு மெஷினாம்.

ஆட்டோவில் திரும்பும்போது தலை சுற்றியது. அந்த ஆட்டோக்காரன் ஓட்டிய லட்சணம் அப்படி.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் பொன்மணியும் நானும் சர்ச்சுக்கு நடந்து போனோம். அவளைப் பற்றி எழுதத்தான் வேண்டும். பாவம், அவளுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அறுபத்தாறு. முன்பெல்லாம் நான் இரண்டு எட்டு வைப்பதற்குள் அவள் தெருமுனையில் நிற்பாள். இப்போது பத்து வீட்டுக்கு ஒரு தடவை நின்றுவிடுகிறாள். வளையல் கடை பூட்டியிருக்கிறது, ஆனாலும் கண்ணாடி வழியே பார்க்கிறாள். பூக்காரியிடம் விலை கேட்கிறாள், வாங்குவதில்லை. யார் வீட்டு வாசலிலோ நிற்கிற குரோட்டன்ஸ் செடியைப் பார்த்து, “இதுல நம்மகிட்ட இல்லாத நெறம் இருக்கு பாத்தியளா” என்கிறாள்.

நான் கோபித்துக்கொள்வதில்லை. நானும் நின்றுவிடுகிறேன். அந்த நேரத்தில் சுவரில் ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் படிக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து சர்ச்சு வரைக்கும் இந்த மாதம் யார் யார் காலமானார்கள், அவர்களுக்கு எத்தனை மருமக்கள் என்று என்னிடம் கேட்டால் சொல்லிவிடுவேன்.

மனைவி தளர்கிற காலத்தில் புருஷன் பொறுமையாக இருக்க வேண்டும்.

நவம்பர் 13, புதன்

வகுப்பு. இளவட்டக் கட்சியில் இசக்கிராஜ் என்று ஒருவன் வந்திருக்கிறான். முப்பத்தாறு வயது, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். காய்ச்சல் ஒன்று வந்து, இதயத்தையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நல்ல உடம்புக்காரன், பாடிப் போனால் நான்கு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனால் வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. சைக்கிளில் ஏறி ஐந்து நிமிடம் ஆகவில்லை, “எக்கா, முடியல, மூச்சு முட்டுது” என்று சத்தம் போடுகிறான். மூச்சிரைப்புக்கு ஒன்றிலிருந்து பத்து வரை எண் சொல்ல வேண்டும். அவன் கூசாமல் எட்டு என்கிறான். நான் இரண்டு என்றேன்.

“அண்ணாச்சி, நீங்க எதுக்கு மூச்ச முழுங்குதிய?” என்று என்னிடம் கேட்டான். “ஏழு எட்டுன்னு சொல்லுங்க. ஃபேன நம்ம பக்கம் திருப்புவாவ.”

காற்றுக்கு ஆசைப்பட்டு மானத்தை விடுகிற தலைமுறை.

நவம்பர் 15, வெள்ளி

மழை. எடை ஒரு கிலோ கூடுதல். துணி ஈரமாக இருந்திருக்கும்.

நவம்பர் 20, புதன்

டாக்டர் ஷமீமாவைப் பார்த்தேன். “எனக்கு மூச்சு வாங்குறது இல்ல. அப்படியே எப்பமாவது வாங்கினாலும் அது வயசு. நோய் இல்ல” என்று தெளிவாகச் சொன்னேன். வயது என்பது மரியாதையான காரணம். ஓடி ஓடி வாங்கியது. நோய் அப்படியா?

அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வயதாக ஆக நெஞ்சுக்கூடு இறுகிவிடுமாம். பழைய குடை மாதிரி முழுசாக விரியாது. மூச்சு இழுக்கிற தசையும் மெலிந்துவிடும். அதனால் ஆழமாக ஒரு மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில், சின்னச் சின்னதாக மூன்று மூச்சு எடுக்க வேண்டிவரும். வேலை கூட, பலன் குறைவு. இதயம் பலவீனமானவர்களும் இப்படியேதான் மூச்சு விடுவார்கள், அவர்கள் முப்பது வயதுக்காரர்களாக இருந்தாலும்.

“அப்ப எனக்கு இருக்குறது வயசா, இதயமா? யார் பிடிச்சதுன்னு சொல்லுங்க” என்றேன்.

“அது தெரியத்தான் இந்த ஆராய்ச்சியே ஐயா. கஷ்டம் என்னன்னா, வயசானவங்க எல்லாத்தையும் வயசு தலையில போட்டுட்டு எங்ககிட்ட சொல்றதே இல்ல. இதயத்துக்குக் கொடுக்க வேண்டிய மருந்து அதனால தள்ளிப்போகுது. உண்மையைச் சொன்னா நான் கண்டுபிடிச்சிருவேன்.”

களத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை மடக்கினாலும், முதலில் கை வைத்தவன் யார் என்று நான் சொல்லிவிடுவேன். படித்த டாக்டரால் முடியவில்லை. விசில் பற்றிக் கேட்டேன். ஜனவரி சோதனைக்குப் பிறகு சொல்கிறேன் என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

பொன்மணி புதிதாக மூன்று தலையணை உறை தைத்திருக்கிறாள். மஞ்சளில் சின்னப் பூ போட்டவை. அழகாக இருக்கின்றன, அலமாரியில் வைத்துப் பூட்ட மனம் வரவில்லை. மூன்று தலையணையையும் நானே அடுக்கி வைத்துச் சாய்ந்துகொள்கிறேன். படுத்துத் தூங்குவதைவிடச் சாய்ந்து தூங்குவது வயிற்றுக்கு நல்லது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பொன்மணியின் நிலை எனக்குக் கவலையாக இருக்கிறது. இன்று சர்ச்சுக்குப் போகிற வழியில் எத்தனை இடத்தில் நின்றாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் கட்டியிருந்த பசுமாட்டை ஐந்து நிமிடம் பார்த்தாள். மாடு எங்களைப் பார்த்தது. அந்தச் சுவரில் போஸ்டர் வேறு இல்லை, படிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் நான் சும்மா நிற்க வேண்டியதாயிற்று.

“உனக்கு மூச்சு வாங்குதா?” என்று கேட்டேன்.

“வயசாச்சில்லா” என்றாள். “கொஞ்சம் நின்னு போவோம், என்ன அவசரம்.”

வேதனையாக இருந்தது. என் விஷயத்தில் இத்தனை பாடுபடுகிற டாக்டர், பக்கத்திலேயே நிற்கிற இவளை ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லையே.

டிசம்பர் 6, வெள்ளி

வகுப்பு. எண் கேட்டார்கள். இரண்டு.

வினோதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நிசமாவா ஐயா?” என்றாள். அம்பயரிடம் நிஜமா என்று யாரும் கேட்பதில்லை. பதில் சொல்ல நினைத்தேன். வகுப்பு முடிந்து, தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து எழுந்த பிறகுதான் சொல்ல முடிந்தது. அதற்குள் அவள் வேறு நோயாளியிடம் போய்விட்டாள்.

டிசம்பர் 11, புதன்

டாக்டரிடம் நேரடியாகவே பேசிவிட்டேன். “எனக்கு எடுக்குற டெஸ்ட்ட என் வீட்டம்மாவுக்கும் எடுங்க. பத்து அடிக்கு ஒரு தடவ நிக்கிறா. வெளிய சொல்ல மாட்டா, அழுத்தக்காரி” என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க கூட நடக்கும்போது நிக்கிறாங்களா, தனியா நடக்கும்போதும் நிக்கிறாங்களா?”

“நான் இல்லாம அவ தனியா நடக்குறத நான் எப்படிப் பாக்க முடியும்?”

“அதுவும் சரிதான்” என்றார். பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு, ஜனவரி மூன்றாம் தேதி எனக்குச் சோதனை நடக்கும்போது பொன்மணியை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்துவிடலாம் என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டது போல எனக்குத் தோன்றியது. ஒரு வயதான பெண்ணின் உடல்நிலையில் சிரிக்க என்ன இருக்கிறது?

டிசம்பர் 18, புதன்

துரோகம். செருப்பு இறுக்குகிறது என்று வீட்டில் தற்செயலாகச் சொல்லியிருந்தேன். பொன்மணி அதை டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். டாக்டர் என் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது. விழுந்த குழி சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. காலில் நீர் கோத்திருக்கிறதாம். நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டிவிட்டார். உப்பு இன்னும் குறைய வேண்டுமாம். இருந்த உப்பே பேருக்குத்தான் இருந்தது.

“மூச்சு எப்படி இருக்கு?” என்றார்.

“ரெண்டு” என்றேன்.

பொன்மணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ் ஆராதனை அதிகாலையில். ஆட்டோவில் போனோம்; பனி பொன்மணிக்கு ஆகாது. பாட்டுகளில் நான் இரண்டாவது வரியோடு நிறுத்திக்கொண்டேன். என் குரல் கட்டையானது, ஓங்கிப் பாடினால் பக்கத்தில் இருப்பவர்கள் பாட்டு கேட்காது. இந்த வருடம் அவர்களுக்கும் ஒரு வாய்ப்பு கொடுத்தேன். பொன்மணியும் என்னுடன் சேர்ந்து நிறுத்திவிட்டாள். அவள் முன்பு பாடகர் குழுவில் இருந்தவள்.

மத்தியானம் மகள் சென்னையிலிருந்து போன் பண்ணினாள். நன்றாக இருக்கிறேன், உன் அம்மாதான் தளர்ந்துவிட்டாள் என்று சொன்னேன். அந்தப் பக்கம் சத்தத்தைக் காணோம். “லைன் சரியில்லப்பா” என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 30, திங்கள்

மோட்டார் ரிப்பேர். மாடியிலுள்ள டேங்கைப் பார்க்க ஏறியவன், பாதிப் படியில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தேன். நல்ல காட்சி. ரொம்ப நேரம் பார்த்தேன். பொன்மணி கீழே இருந்தபடி, “அங்கனயே இருங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு மேலே போனாள். அவள் ஏறியது என் முதுகுக்குப் பின்னால், ஆகவே எப்படி ஏறினாள் என்று எழுத முடியாது.

ஜனவரி 3, வெள்ளி

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது, வீணாய்ப் போன ஜனவரிப் பக்கத்துக்கு வந்திருக்கிறேன். நடந்தது நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

சைக்கிளை இந்தத் தடவை வராந்தாவின் கண்ணாடிக் கதவைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். மாஸ்க் மாட்டியாகிவிட்டது. திட்டமெல்லாம் தயார். வாய் மூடி, மூக்கால் கொஞ்சம், பாரம் கூடும்போது இன்னும் கொஞ்சம். நவம்பரில் செய்தது போல இல்லாமல், மெஷினுக்குச் சந்தேகம் வராத மாதிரி சீராக. விசில் என் கைக்கு வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

வராந்தாவில் ஒரு பெண் நடந்து போனாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் கடிகாரம் வைத்திருந்த நர்ஸ் பெண் அவளுக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஓடினாள். யாரோ ஒரு அம்மா நல்ல சுறுசுறுப்பு என்றுதான் நினைத்தேன். வராந்தாவின் கோடியில் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பைச் சுற்றித் திரும்பியபோது முகம் தெரிந்தது. பொன்மணி.

ஒரு தடவை போனாள், வந்தாள். இன்னொரு தடவை போனாள், வந்தாள். எங்கும் நிற்கவில்லை. வராந்தாச் சுவர் நிறையப் படங்கள் மாட்டியிருந்தார்கள், அவள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நர்ஸ் பெண் ஏதோ சொன்னாள், பொன்மணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே நடந்தாள். கல்யாணமான புதிதில் எனக்கு முன்னால் போய்த் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்ப்பாளே, அந்த நடை. அது எங்கேயும் போய்விடவில்லை. என் பக்கத்தில் வரும்போது மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

வளையல் கடையும் பசுமாடும் குரோட்டன்ஸ் செடியும் யாருக்காக என்று எனக்கு அப்போது விளங்கியது. ஐயாயிரம் பேர் கூச்சலில் ஒருவன் மூக்கால் திருடுகிற மூச்சைப் பிடித்தவன் நான். பக்கத்திலேயே ஒருத்தி இல்லாத இளைப்பை இருப்பதாகக் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

மெஷின் கீச்சென்று கத்தியது. “ஐயா, மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க” என்று வினோதினி என் தோளைப் பிடித்தாள். அப்போதுதான் நான் மூச்சை நிறுத்தியிருந்தது எனக்கே தெரிந்தது.

விட்டேன். அதற்கப்புறம் ஒன்றையும் அடக்கவில்லை. கொல்லன் துருத்தி மாதிரி சத்தம் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த மாஸ்க்குக்குள் அழவும் செய்தேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. எண் கேட்டபோது ஒன்பது விரலைக் காட்டினேன். பக்கத்து சைக்கிளிலிருந்து இசக்கிராஜ், “எக்கா, ஃபேன அண்ணாச்சி பக்கம் திருப்புங்க” என்றான்.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். பொன்மணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். படத்தில் ஓரிடத்தில் கோடு அறுந்து கிடந்தது. “இந்த இடத்துல என்ன ஆச்சு ஐயா?” என்று கேட்டார்.

“வராந்தாவுல ஆள் போச்சு” என்றேன்.

அவர் அறுந்த இடத்துக்குப் பிறகு வருகிற கோட்டைத்தான் விரலால் தடவிக் காட்டினார். சின்னச் சின்ன மூச்சு, நெருக்கமாக, ஏராளம். “வயசும் பிடிச்சிருக்கு, இதயமும் பிடிச்சிருக்கு. ஆனா நீங்க வயசுன்னு ஒதுக்கிவச்சதுல பெரும்பங்கு இதயம். மருந்து மாத்தறேன், இது கொஞ்சம் இறங்கும். நவம்பர்லயே சொல்லியிருந்தீங்கன்னா நவம்பர்லயே இறங்கியிருக்கும்.”

விசிலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். “கோட்டோரமா ஓடி ஓடி ஊதறது இந்த வருஷம் வேண்டாம் ஐயா.”

“அடுத்த வருஷம்?”

“அடுத்த வருஷம் நீங்க இருக்கணும்னா இந்த வருஷம் வேண்டாம்.”

பொன்மணிக்கு ஒரு குறையும் இல்லை, ஐம்பது வயதுக்காரிக்கு உள்ள நெஞ்சு என்றும் சொன்னார்.

ஆட்டோவில் ஏறியதும் பொன்மணியிடம், “உனக்கு என்ன சொன்னாவ?” என்று கேட்டேன்.

“எனக்கும் லேசா இளைப்பு இருக்காம்” என்றாள், மருந்துப் பையின் வாயை மடித்துக்கொண்டே. “மெதுவா நடக்கச் சொன்னாவ.”

ஜனவரி 5, ஞாயிறு

சர்ச்சுக்கு நடந்தோம். வளையல் கடைக்கு முன்னால் நின்றாள். நானும் நின்றேன். கண்ணெதிரே ஃபவுல் நடக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை. தூக்கினால் அவுட் ஆவது நான்.

போஸ்டரில் யார் இறந்திருந்தார் என்று படித்தேன், மனதில் நிற்கவில்லை. அவள் மீது கோபமாக வந்தது. ஏமாற்றிவிட்டாளே என்று கோபம், இத்தனை நாள் தனக்கு வயதாகிவிட்டதாக ஊரே நினைக்கும்படி நடந்தாளே என்று கோபம். இரண்டாவது கோபம் கோபம் இல்லை.

ஜனவரி 6, திங்கள்

போட்டிக் கமிட்டிச் செயலாளர் கொம்பையாவுக்குப் போன் பண்ணினேன். காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் மூன்று. முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். “கொம்பையா, எனக்கு இதயத்துல கோளாறு. ஓட முடியாது. வேற ஆளப் பாருங்க.”

ஐயையோ என்பான், நீங்கள் இல்லாமல் ஃபைனலா என்பான், மாவட்டமே இடிந்துபோகும் என்று எதிர்பார்த்தேன்.

“அப்பாடா” என்றான். “நீங்களே சொல்லிட்டிய. அண்ணாச்சி, மனசு சங்கடப்படக் கூடாது. போன வருசம் ஒங்க கோட்டுல தளவாய்னு ஒரு பையன நிப்பாட்டுனோமே, எதுக்குன்னு நெனச்சிய?”

“தொழில் படிக்க.”

“அவன் மாநில அம்பயரு அண்ணாச்சி. நீங்க எட்டாத பக்கமெல்லாம் அவன்தான் ஓடுனான். அவன் கையத் தூக்குவான், நீங்க ஊதுவிய.”

போன வருடம் அந்தப் பையன் தோளைத் தட்டி, கள்ள மூச்சை எப்படிப் பிடிப்பது என்று ரொம்ப நேரம் பாடம் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“ஒங்க வீட்ல மதினிதான் சொன்னாவ. அண்ணாச்சியா வாயத் தெறந்து சொல்லுத வரைக்கும் நீங்க யாரும் தெறக்காதியன்னு.”

ஜனவரி 8, புதன்

புது மாத்திரை. எண்: ஏழு. அட்டையிலும் ஏழு என்றே எழுதினேன். ஃபேன் காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 13, திங்கள்

எடை இறங்கியிருக்கிறது. செருப்பு சேர்கிறது. இரண்டு தலையணை போதும். பொன்மணியிடம் இன்னும் பேசவில்லை. டாக்டரிடம் சொல்லியாயிற்று, கொம்பையாவிடம் சொல்லியாயிற்று, முன்பின் தெரியாத இசக்கிராஜிடம் மூச்சு முட்டுகிறது என்று சைக்கிளுக்குச் சைக்கிள் பேசிக்கொள்கிறேன். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வாய் எழவில்லை. சொல்லிவிட்டால் அவள் எனக்காகச் செய்தது அத்தனையும் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அதற்கு நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வேன்?

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். ஃபைனலுக்குப் பொன்மணியையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஊதிய அத்தனை வருடத்தில் அவள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. கேட்டிலிருந்து நாற்காலி வரைக்கும் நல்ல தூரம். வழியில் பஞ்சுமிட்டாய்க்காரன் முன் நின்றாள், பலூன்காரன் முன் நின்றாள். நானும் நின்றேன். வணக்கம் சொன்னவர்களுக்கு வணக்கம் சொன்னேன்.

நடுவில் தளவாய் விசில் வைத்திருந்தான். நன்றாகவே ஓடினான். மூன்றாவதாகப் பாடிப் போன பையன் கோட்டைத் தாண்டி நடுக்களம் வரைக்கும் போய்விட்டான். திரும்பும்போது பாட்டு ஒரு கணம் தேய்ந்தது. தளவாய் கையைத் தூக்கினான். சரியான தீர்ப்பு.

“அந்தப் பையன எதுக்கு வெளிய போகச் சொல்லுதாவ?” என்றாள் பொன்மணி.

“மூச்சு விட்டுட்டான்.”

“மூச்சு விட்டதுக்கா?”

“ஆமா.”

“மூச்சு விடாம அவன் என்ன செய்வான் பாவம்” என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. “எவன் வச்ச சட்டம் இது?”

வாழ்நாள் பூராவும் அந்தச் சட்டத்தைக் காத்தவன் நான். அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். “சட்டம் என்னன்னா பொன்மணி, பாடிப் போறவன் அடுத்தவன் களத்துல நிக்கிற வரைக்கும்…”

வாக்கியம் முடியவில்லை. நடந்து வந்த தூரம் இப்போது வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அவள் அதைக் கண்டுகொண்டாள். உடனே தன் நெஞ்சைத் தடவிக்கொண்டு, “எனக்கு என்னமோ இளைப்பா வருது, கொஞ்சம் பேசாம இருப்போம்” என்றாள்.

“உனக்கு இல்ல” என்றேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எனக்குத்தான் மூச்சு வாங்குது பொன்மணி. இரு, வாங்கிட்டுச் சொல்லுதேன்.”

நெஞ்சைத் தடவிய கை அப்படியே நின்றது. என் முகத்தையே பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

வாயைத் திறந்து, எல்லோரும் பார்க்க, வேண்டிய மட்டும் மூச்சு வாங்கினேன். ஒருவன் பாடிப் போய்த் திரும்பி வந்தான். அவனுக்கடுத்தவன் போய்ப் பிடிபட்டான். இன்னொருவன் போனான். பொன்மணி ஆட்டத்தைப் பார்க்கவில்லை, பஞ்சுமிட்டாயைப் பார்க்கவில்லை, வேறு எதையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள்.

“ம், இப்பம் சொல்லுங்க” என்றாள்.